எழுத்தின் பெயரும் ஒலியும்: குழந்தையின் வினாக்களுக்குத் தமிழ் இலக்கணம் தரும் விடைகள்

ஆய்வுச் சுருக்கம்

எழுத்துக் கற்கத் தொடங்கும் குழந்தை எழுப்பும் வினாக்களுள் பல, தமிழ் இலக்கண நூல்கள் முன்பே எடுத்துப் பேசியவை. எழுத்தின் பெயர், ஒலி, வரிவடிவம், சொல்லில் அது நிற்கும் இடம் ஆகிய நான்கையும் வேறுபடுத்திக் காட்டினால், அவ்வினாக்களுக்குக் குழந்தை உணரும் வகையில் விடை கூற இயலும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: எழுத்தறிவு, ஒலிப்பு, புள்ளியெழுத்து, மாத்திரை, வல்லினம், வரிவடிவம்.

முன்னுரை

தமிழ் நெடுங்கணக்கில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள் உள்ளன. இவற்றை 247 தனித்தனி வடிவங்களாக மனனம் செய்யும் குழந்தை, பயின்ற சொல்லை மட்டுமே படிக்கும். 12 உயிரும் 18 மெய்யும் கூடிப் பிறக்கும் ஒலிகளாக அறிந்த குழந்தையோ, முன்பு காணாத சொல்லையும் தானே கூட்டிப் படிக்கும். தமிழ்நாடு அரசு 2022-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், எட்டு வயதிற்குள் பொருளுணர்ந்து படிக்கும் திறனை இலக்காகக் கொண்டது. அவ்விலக்கிற்குக் குழந்தை கேட்கும் ‘ஏன்’ என்னும் வினா பெருந்துணையாகும். ‘அது அப்படித்தான்’ என்னும் விடை அத்துணையை இழக்கச் செய்கிறது.

பெயர் வேறு, ஒலி வேறு

‘அம்மா’ என்னும் சொல்லை ‘அ, இம், மா’ என எழுத்துக்கூட்டும் குழந்தை, ‘அஇம்மா’ என்று படித்துவிட்டுத் திகைப்பதுண்டு. ‘இதில் இ எங்கே இருக்கிறது?’ என்று அது வினவினால், அவ்வினா முற்றிலும் நியாயமானது. மெய்யெழுத்தைத் தனித்து ஒலிப்பது அரிதாகலின், அதன் முன் இகரத்தைத் துணையாகக் கொண்டு ‘இக், இங், இச்’ என வழங்குகின்றனர். இவை எழுத்துகளின் பெயர்கள், ஒலிகள் அல்ல. ‘ஆனா, ஆவன்னா’ என்னும் பழைய வழக்கில் குறில் அகரத்தின் பெயரே நெடிலில் தொடங்குவதும் இத்தகையதே.

இவ்வேறுபாட்டை இலக்கணிகள் அறிந்திருந்தனர். எழுத்தைச் சுட்டிப் பேசுவதற்குக் கரம், காரம், கான் என்னும் சாரியைகளைத் தொல்காப்பியமும் நன்னூலும் குறிப்பிடுகின்றன. அகரம், ஆகாரம், மகரம் என்னும் பெயர்களில் உள்ள சாரியை, சொல்லில் எழுத்து ஒலிக்கும்போது இராது. ‘இம்’ என்பதிலுள்ள இகரமும் அவ்வாறே சொல்லுக்குள் நுழையாது.

தீர்வும் இலக்கணத்திலேயே உள்ளது. தமிழில் தனிமெய் சொல்லுக்கு முதலில் வாராது. எனவே, சொல்லில் வரும் புள்ளியெழுத்திற்கு முன் எப்போதும் ஓர் உயிரொலி இருக்கும். அதனைச் சார்த்தி ‘அம்–மா’, ‘அக்–கா’, ‘பட்–டு’ எனப் பிரித்து ஒலித்தால் இகரத்திற்கு இடமில்லை.

நொடியால் அளத்தல்

‘படம்’, ‘பாடம்’ என்னும் சொற்களின் வேறுபாட்டைத் துணைக்காலின் வடிவத்தைக் காட்டி மட்டும் விளக்குவது போதாது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பது மரபு. மாத்திரையின் அளவாகக் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் இலக்கண நூல்கள் கூறுகின்றன. குழந்தை ‘கல்’ என்பதன் ககரத்திற்கு ஒருமுறையும், ‘கால்’ என்பதன் ‘கா’விற்கு இருமுறையும் விரலை நொடித்துப் பார்க்கலாம். ஒலியின் நீளம் பொருளை மாற்றுகிறது என்பதை அது செவியாலும் கையாலும் அறியும். துணைக்கால் அந்நீளத்தின் அடையாளம் என்பது பின்னர் எளிதில் விளங்கும்.

ஓர் எழுத்து, பல ஒலிகள்

‘சட்டை, பச்சை, மஞ்சள்’ ஆகிய மூன்றிலும் சகர மெய் உள்ளது. ஆயினும் இன்றைய பேச்சில் அது மூவகையாக ஒலிக்கிறது. ‘பாப்பா’, ‘தம்பி’ ஆகியவற்றின் பகரமும், ‘பக்கம்’, ‘பங்கு’, ‘பகல்’ ஆகியவற்றின் ககரமும் இவ்வாறே வேறுபடுகின்றன. வல்லினம் இரட்டிக்கும்போது வன்மையாகவும், இன மெல்லெழுத்தை அடுத்து வரும்போது அதிர்வொலியாகவும், இரண்டு உயிர்களுக்கு இடையே நெகிழ்ந்தும் ஒலிப்பது பொதுவான போக்காகும். இடமே ஒலியை உறுதிசெய்வதால், தமிழ்ச் சொற்களுக்குத் தனித்தனி எழுத்துகள் தேவைப்படவில்லை.

இதனைக் குழந்தைக்கு விதியாகக் கூற வேண்டுவதில்லை. ‘ம்’, ‘ங்’, ‘ஞ்’ ஆகியவற்றை அடுத்து வரும் எழுத்து எவ்வாறு ஒலிக்கிறது என்பதைத் தானறிந்த சொற்களில் தேடச் செய்தால் போதும். ‘பஸ்’ என்பதில் முதலெழுத்தே அதிர்வொலியாக ஒலிப்பதை அது கண்டுகொண்டால், அது பிறமொழியிலிருந்து வந்த சொல் என்று கூறலாம்.

நாவின் இடம்

‘ன’, ‘ண’ ஆகியவற்றை ‘இரண்டு சுழி’, ‘மூன்று சுழி’ எனக் கூறுவது வடிவத்தை நினைவூட்டும், ஒலியை உணர்த்தாது. ‘மனம்’, ‘மணம்’ என ஒலித்து, நாநுனி எங்கே தொடுகிறது, எப்போது மேல்நோக்கி வளைகிறது என்று கவனிக்கச் செய்தல் பயன்தரும். தொல்காப்பியத்தின் பிறப்பியல் கைக்கொண்ட முறையும் இதுவே. எனினும், நகர னகரங்களின் ஒலி வேறுபாடு இன்றைய பேச்சில் பெரிதும் மறைந்துவிட்டது. அங்குச் செவியை நம்பச் சொல்லாமல், இடத்தைச் சுட்டலாம்: சொல்லின் முதலிலும் தகரத்திற்கு முன்னும் வருவது நகரம், ‘நரி’, ‘பந்து’ ஆகியன சான்று. ‘செந்நெல்’ போன்ற தொடர்ச்சொற்களைப் பின்னர் அறிமுகப்படுத்தலாம்.

வரிசை மாறும் வடிவம்

‘கெ’ என்பதில் உயிரொலி பின்னே கேட்கிறது. கொம்போ முன்னே நிற்கிறது. ‘கொ’ என்பதில் குறிகள் இருபுறமும் நிற்கின்றன. எழுதும் வரிசையும் ஒலிக்கும் வரிசையும் எங்கும் ஒன்றல்ல என்பதை வெளிப்படையாகக் கூறிவிடுதல் நலம். எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்றபின் ‘ணா, றா, னா, லை, னை’ முதலியன இன்றைய வடிவம் பெற்றன. அதற்கு முன் அச்சான நூலொன்றைக் காட்டினால், வடிவம் மாறியும் ஒலி மாறவில்லை என்பதைக் குழந்தை நேரில் காணும்.

முடிவுரை

சாரியை, மாத்திரை, பிறப்பிடம் என்னும் கலைச்சொற்களைக் குழந்தை அறியத் தேவையில்லை. கற்பிப்பவர் அறிந்திருத்தல் வேண்டும். தேர்வுக்குரிய பாடமாக மட்டும் எழுத்திலக்கணத்தைப் பயின்ற ஆசிரியர், ‘இதில் இ எங்கே?’ என்னும் வினாவைக் குறும்பாகக் கொள்ளக்கூடும். அவ்விலக்கணத்தை ஒலியின் விளக்கமாகப் பயின்றவரோ, அக்குழந்தை பெயரையும் ஒலியையும் பிரித்தறியத் தொடங்கிவிட்டது என்பதைக் கண்டுகொள்வார். எனவே, தொடக்கநிலை ஆசிரியர் பயிற்சியில் எழுத்திலக்கணமும் வாசிப்புக் கற்பித்தலும் ஒருங்கே பயிற்றப்படுதல் இன்றியமையாதது.