நஞ்சும் மருந்தும் – 7: வல்லாரை குடித்த எலி

‘எலியிலேயே நிரூபித்துவிட்டார்கள்’ என்பது மூலிகைப் பேச்சில் அடிக்கடி காதில் விழும் வாசகம். எதை நிரூபித்தார்கள் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்ப்போம்.

இந்த ஆய்வுகளின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். வெள்ளெலிகளை நான்கு கூட்டமாகப் பிரிப்பார்கள். ஒன்றுக்கு வெறும் தண்ணீர், ஒன்றுக்கு ஆர்சனிக் போன்ற உலோக நஞ்சு மட்டும், ஒன்றுக்கு மூலிகை மட்டும், கடைசிக் கூட்டத்துக்கு இரண்டும். நஞ்சைக் குடிதண்ணீரிலேயே கலந்துவிடலாம். மூலிகைச் சாறு அப்படியல்ல. எலியின் பிடரித் தோலைக் கொத்தாகப் பிடித்து, நுனி உருண்டையான ஊசிக்குழாயைத் தொண்டை வழியே இரைப்பை வரை இறக்கித் தினமும் புகட்ட வேண்டும். சாறு தவறி மூச்சுக்குழாய்க்குள் போனால் எலி பிழைப்பது அரிது.

கெடு முடிந்ததும் ஈரலை எடுத்துப் பனிக்கட்டி மேல் வைத்து அரைப்பார்கள். அதில் எல்மன் கரைசலைச் சேர்த்தால் மஞ்சள் நிறம் வரும். மஞ்சள் அடர்த்தியாக இருந்தால் குளுட்டாதயோன் நிறைய இருக்கிறது என்று பொருள். செல்லைக் காக்கும் இந்தப் பொருளை ஆர்சனிக் தீர்த்துக்கட்டும். நஞ்சு மட்டும் குடித்த எலியின் சோதனைக் குழாய் வெளுத்திருக்கும். மூலிகையும் குடித்ததில் மஞ்சள் திரும்பியிருக்கும். ‘நிரூபித்துவிட்டார்கள்’ என்ற பேச்சு பெரும்பாலும் இந்த மஞ்சளைப் பார்த்துப் பிறந்ததுதான்.

குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகம் 2007-இல் வல்லாரையைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. ஆர்சனிக் கொடுக்கும்போதே வல்லாரைச் சாற்றையும் கொடுத்தார்கள். குளுட்டாதயோன் மீண்டது, ரத்தம் உற்பத்தியாகத் தேவையான ‘அலாட்’ என்ற நொதியும் தேறியது. ஆனால் உறுப்புகளில் தங்கிய ஆர்சனிக்கின் அளவு குறையவில்லை. அதை ஆய்வாளர்களே மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். என் கணக்கில் அந்த ஆய்வின் மதிப்பே அந்த வரியில்தான் இருக்கிறது. வல்லாரை நஞ்சு செய்த சேதத்தைத் தடுத்தது, நஞ்சை வெளியேற்றவில்லை. ‘முறிவு’ என்று நாம் ஒரே சொல்லில் அடக்கிவிடுவது, இரண்டு வெவ்வேறு வேலைகளை.

மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாதில் ஆர்சனிக் கலந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தவரின் கதையும் வேறு. நஞ்சு இறங்கும் நாளிலேயே அவருக்குச் சாறு கிடைப்பதில்லை. எலிக்கு இன்னொரு விசேஷமும் உண்டு: அதன் ஹீமோகுளோபின் ஆர்சனிக்கை இறுகப் பிடித்துக்கொள்ளும், நம்முடையது அப்படிப் பிடிக்காது. போதாததற்கு எலி தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ஆர்சனிக்குக்கு எலி அவ்வளவு நம்பகமான சாட்சி அல்ல.

இந்த நஞ்சுக்கு மருத்துவமனைகளில் கொடுக்கும் சக்சிமர் போன்ற மருந்து வேலை செய்யும் விதம் வல்லாரையிலிருந்து வேறு. அதிலுள்ள கந்தக அணுக்கள் உலோகத்தைக் கவ்விப் பிடித்துச் சிறுநீரோடு இழுத்துப் போகும்.

அதே குவாலியர் ஆய்வகம் முருங்கை விதைப் பொடியையும் சோதித்தது. இந்த முறை நஞ்சு கொடுப்பதை நிறுத்திய பிறகே பொடியைக் கொடுத்தார்கள். உறுப்புகளில் ஆர்சனிக் ஓரளவு குறைந்தது. கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கச் சூடான் கிராமங்களில் பயன்படுத்தும் அதே விதைதான். தண்ணீரில் அழுக்கைச் சேர்த்துப் படியவைப்பது அதிலுள்ள புரதம். எலியின் உடம்புக்குள்ளும் அந்தப் புரதம்தான் வேலை செய்ததா என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.