அட்டை ஏன் பிரிண்டரில் சிக்குகிறது?

வீட்டில் அச்சிடும் சாதாரண ஏ4 தாள் 70 முதல் 80 ஜிஎஸ்எம். அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை அத்தனை கிராம். வாழ்த்து அட்டைக்கான தாளோ 200-ஐத் தாண்டும். எடைதானே கூடுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. விறைப்பு, தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயரும்: தடிமன் இரட்டித்தால் வளைக்க ஏறக்குறைய எட்டு மடங்கு விசை வேண்டும்.

முன்பக்கத் தட்டிலிருந்து தாள் எடுக்கும் பிரிண்டர்கள் பல, அதை உருளையைச் சுற்றித் திருப்பித்தான் அச்சிடும். அட்டை அந்த வளைவில் முரண்டு பிடிக்கும். சிக்கும், அல்லது வளைந்தே வெளிவரும். பின்பக்கத் தட்டு உள்ள இங்க்ஜெட்டில் பாதை ஏறக்குறைய நேர். குறைந்த செலவில் வாங்குவோருக்கு என் பரிந்துரை அதுதான்.

லேசரில் இன்னொரு சங்கடம். டோனர் தூள் சூட்டில் உருகித்தான் ஒட்டும். தடித்த அட்டை அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொண்டால், நகம் பட்டாலே எழுத்து உதிரும். 'தடித்த தாள்' அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் பல இயந்திரங்கள் மெதுவாக ஓடி, சூடு இறங்க நேரம் தரும்.

விலைக்கு முன்பே கேளுங்கள்: பின்தட்டு எத்தனை ஜிஎஸ்எம் வரை ஏற்கும்? போட்டோ தாளுக்கான எண்ணை அட்டைக்கானது என்று கொள்ளாதீர்கள். முடிந்தால் உங்கள் அட்டையையே எடுத்துப்போய்க் கடையில் அடித்துப் பாருங்கள்.