மார்கழிப் பனியில் சுற்றாத ப்ளோயர்

மார்கழியில் கோலார் தங்கவயலில், எங்கள் ஸ்கெலட்டன் பகுதியில் விடியற்காலை வண்டி எடுப்பவர்கள் ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறார்கள். பார்க்கவே பயமாக இருக்கிறது. கண்ணாடியின் உட்புறம் படிவது நம் மூச்சின் ஈரம். ஹீட்டர் காற்று பட்டால் அது விலகும். சூடு என்ஜின் தண்ணீரிலிருந்தே வந்துவிடும். அதை உள்ளே தள்ள ப்ளோயர் சுற்ற வேண்டும்.

பழைய மாருதி 800-ல் ப்ளோயர் நின்றால் உடனே “மோட்டார் போச்சு, புதுசு போடுங்க” என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே ஆட்கள் வேலை செய்த ஊர் இது. அந்தச் சுரங்கத்தில் ஃபேன் மோட்டார் பார்த்த ஒருவர், 2001-ல் சுரங்கம் மூடிய பிறகு வண்டி வயரிங் பார்க்க வந்தார். அவரிடம்தான் தொழில் கற்றேன். கரண்ட் எதுவரை வருகிறது என்று தெரியாமல் ஸ்பேனரைத் தொட விடமாட்டார்.

முதலில் ஸ்விட்சைத் திருப்பிப் பாருங்கள். முழு வேகத்தில் மட்டும் சுற்றினால் மோட்டார் நன்றாக இருக்கிறது, ரெசிஸ்டர்தான் எரிந்திருக்கும். குறைந்த வேகங்களுக்குக் கரண்ட் அதன் வழியாகத்தான் போகும். எந்த வேகத்திலும் சுற்றாவிட்டால் ஃபியூஸைப் பாருங்கள். அது சரியென்றால் இடப்பக்கம் டேஷ்போர்டுக்கு அடியில் மோட்டார் கப்ளரைக் கழற்றி, ஸ்விட்சை முழு வேகத்தில் வைத்து, வயர் பக்கத்து இரண்டு முனைகளிலும் டெஸ்ட் லாம்ப் வையுங்கள். பளிச்சென்று எரிந்தால் குறை மோட்டாரில். எரியாவிட்டால் ஸ்விட்ச், வயர், எர்த் என்று தேட வேண்டும்.

மோட்டாரிலேயே குறை என்றாலும் அவசரம் வேண்டாம். ஸ்க்ரூடிரைவர் பிடியால் மெல்லத் தட்டினால் சுற்றுகிறதா? கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். பல மோட்டார்களில் கார்பன் மட்டும் மாற்றலாம்.

மரத்தடியில் நிற்கும் வண்டியென்றால் ப்ளோயர் சக்கரத்தைக் கட்டாயம் கழற்றிப் பாருங்கள். சருகு நொறுங்கி, தூசியோடு கெட்டியாக அப்பியிருக்கும். சக்கரம் திணறத் திணற மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும். கப்ளரின் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகும். சருகை எடுக்காமல் புது ரெசிஸ்டர் போட்டால் அதுவும் எரியும்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய ஃபியூஸோ செம்புக்கம்பியோ போட்டுவிடாதீர்கள். அப்புறம் எரிவது வயரிங். வயரிங் தீப்பிடித்தால் வண்டியே எரிந்துவிடும்.