மடியில் ஒரு புத்தகம் – 7: அப்பா யானை ஆகும் பக்கம்

போன வாரத் தாலாட்டுக் கட்டுரையைப் படித்துவிட்டுக் கிள்ளானிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். துறைமுகத்துக்கும் ஷா ஆலாமுக்கும் இடையே கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். மூன்று வயதில் ஒரு மகள். "ஆராரோ எல்லாம் சரிதான் அண்ணே. அதுல அப்பன் எங்க இருக்கான்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. தாலாட்டில் தாய்மாமன் தாராளமாக வருவார், தொட்டிலும் சீரும் கொண்டுவருவார். குழந்தையை யார் அடித்து அழவைத்தது என்று விசாரித்துக்கொண்டே போகும் பாட்டு ஒன்று எல்லா வீட்டிலும் உண்டு. மாமன், அத்தை, பாட்டி என்று வரிசையாக நிறுத்துவார்கள். அப்பன் பெயர் அந்தச் சந்தேகப் பட்டியலில்கூடப் பெரும்பாலும் இருக்காது.

ஆனால் தமிழ் அப்பாவுக்குக் குழந்தையோடு விளையாடத் தெரியாது என்று இதை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. புறநானூற்றின் 188ஆம் பாட்டைப் பாடியவர் பாண்டியன் அறிவுடைநம்பி. ஓர் அரசர், சோற்றில் கைவிட்டுத் துழாவி, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்து மயங்கி நிற்கிறார். இதில்லாத செல்வருக்கு வாழ்நாளில் ஒரு பயனும் இல்லை என்கிறார். சாப்பாட்டு மேசையில் பிள்ளை சோறு சிந்தினால் அதட்டுகிற நம்மைவிட அந்த ராஜா எவ்வளவோ மேல்.

பெரியாழ்வாரோ இன்னும் ஒரு படி மேலே போனார். துளசித் தோட்டத்தில் கிடைத்த ஆண்டாளை வளர்த்த அப்பா அவர். அவருடைய திருமொழியில் குழந்தை விளையாட்டுகளின் பட்டியலே இருக்கிறது: செங்கீரை ஆடுவது, சப்பாணி கொட்டுவது, பின்னால் ஓடிவந்து முதுகைக் கட்டிக்கொள்ளும் புறம்புல்கல், கண்ணிமையை மடித்துப் பயமுறுத்தும் அப்பூச்சி. முதுகில் ஏறுவதும் பூச்சி காட்டுவதும் இன்றைக்கும் பெரும்பாலான வீடுகளில் அப்பாக்களின் இலாகாதான். ஆனாலும் இதையெல்லாம் பாட அவர் யசோதையின் குரலைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. கொஞ்சுவது என்றால் அம்மாவாகத்தான் கொஞ்ச வேண்டும் என்ற வழக்கத்துக்கு அவரே அடித்தளம் போட்டுவிட்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வள்ளுவரும் மக்கட்பேறு அதிகாரத்தில் இரண்டு வகைப் பெற்றோரையும் வைத்திருக்கிறார். 64ஆம் குறளில் பிள்ளையின் சின்னக் கை அளைந்த கூழ் இனிக்கிறது. 67ஆம் குறளில் தந்தை மகனை அவையில் முன்னே நிறுத்தப் பாடுபடுகிறார். நம் பள்ளிச் சுவர்களில் ஏறியது 67தான். 64 அடுப்படியிலேயே தங்கிவிட்டது.

மலேசியாவுக்கு வந்த பிறகு அப்பா இன்னும் தூரமாகப் போனார். தோட்டத்தில் விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் வரிசைக்கு, நிற்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போய்விட, கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில் கிடந்தது. நம் தோட்டத்துக் கதைகளில் அப்பாவைத் தேடினால் பெரும்பாலும் கள்ளுக்கடை வாசலில் கிடைப்பார், அல்லது கங்காணியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருப்பார். பிள்ளையை முதுகில் ஏற்றிக்கொண்டு யானையாகப் போன அப்பா அங்கேயும் இருந்திருப்பார், எழுதத்தான் யாருக்கும் தோன்றவில்லை. குழந்தைப் பாடல் நூல்களில் அப்பாவின் வேலை இன்னும் சுருக்கம். பொம்மை வாங்கித் தருவார், மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போவார். மற்ற நேரங்களில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருப்பார்.

சட்டமும் இப்போதுதான் அப்பாவைக் கண்டுபிடித்திருக்கிறது. 2023 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம், தனியார் துறையில் இருக்கும் தந்தைக்குக் குழந்தை பிறந்தால் சம்பளத்தோடு 7 நாள் விடுப்பு தருகிறது. அம்மாவின் விடுப்பு 60 நாளிலிருந்து 98 ஆனது. அதற்கு முன்னால் தனியார் துறை அப்பாவுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. முதலாளி நல்லவராக இருந்தால் உண்டு.

இனி புத்தகத்துக்கு வருகிறேன். 2009இல் தொடங்கிய 'பிக் பேட் வுல்ஃப்' மலிவு விற்பனை கோலாலம்பூர்க் குடும்பங்களின் வழக்கத்தையே மாற்றியது. தள்ளுவண்டி நிறையப் புத்தகம் வாங்கிப் பழகாத நம்மவர்களும் ஆங்கிலப் படப்புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வகைப் புத்தகங்களில் அப்பாவுக்கு நல்ல இடம் உண்டு. டாக்டர் சூஸ் 1963இல் எழுதிய 'ஹாப் ஆன் பாப்' புத்தகத்தில் பிள்ளைகள் அப்பாவின் வயிற்றில் ஏறிக் குதிக்கின்றன, அவரும் பாவம், பொறுத்துக்கொள்கிறார். சூஸுக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது என்பது வேறு கதை. 1994இல் சாம் மெக்பிராட்னி எழுதிய முயல் கதையில் பெரிய முயலும் குட்டி முயலும் யாருக்கு யார்மேல் அன்பு அதிகம் என்று கை விரித்து அளக்கும். நம்மில் பலர் அதை அம்மா முயல் என்றே நினைத்துப் படிக்கிறோம். ஆனால் அது ஆண் முயல்.

இதற்கு நேர்மாறான கதை மைக்கேல் ரோசனும் ஹெலன் ஆக்ஸன்பரியும் 1989இல் செய்த கரடி வேட்டைப் புத்தகம். புல்லையும் ஆற்றையும் சேற்றையும் தாண்டிப் போகும் கூட்டத்தில் உயரமான ஆளை எல்லாரும் அப்பா என்றே எண்ணுகிறார்கள். படம் வரைந்தவரோ, அது பிள்ளைகளின் மூத்த அண்ணன் என்று பிறகு விளக்கம் கொடுத்தார். வாசகர்கள் கேட்பதாக இல்லை. சேற்றில் இறங்கி விளையாடும் ஓர் அப்பா வேண்டும் என்று அவ்வளவு பேருக்கும் ஆசை இருந்திருக்கிறது.

சந்தத்தோடு எழுதிய படப்புத்தகத்தைக் குழந்தைக்கான பொருள் என்று கடைக்காரர்கள் தட்டில் வைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது முதலில் அப்பாவுக்கானது. லாரி ஓட்டும் நம் வாசகர் சொன்னது இது: "டீச்சர் மாதிரி படிச்சிக் காட்ட நமக்கு வராது அண்ணே. வெக்கமா இருக்கும்." வெட்கப்படுகிற ஆளிடம் உரைநடைக் கதையைக் கொடுத்தால் அவர் செய்தி வாசிப்பார். சந்தம் இருந்தால் வாய் தானாக ஆடும். எந்த இடத்தில் குரலை ஏற்றுவது, எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் எதுகையே சொல்லிக்கொடுத்துவிடும். நாடகத்தில் வசனம் எழுதிக் கொடுத்தால் கூச்சக்காரரும் கோமாளி வேஷம் கட்டலாம் என்பது போலத்தான்.

சந்தத்தின் இந்த உதவியைக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. துன் சம்பந்தன் சாலைப் பக்கம் வெள்ளைக்கோலோடு நடப்பவர்களைப் பார்க்காமல் ஒரு நாள் போகாது. அவர்களிலும் அப்பாக்கள் உண்டு. பாட்டு மனப்பாடமாகிவிட்டால் அப்பா சொல்லிக்கொண்டே போகலாம், படத்தைப் பார்த்து "அப்பா, யானைக்குத் தொப்பி இருக்கு" என்று சொல்லும் வேலை பிள்ளையுடையது. இங்கே யார் யாருக்குப் படித்துக் காட்டுகிறார்கள்? இரவுப் பயணம் போகும் ஓட்டுநரும் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கைப்பேசியில் நான்கு வரி சொல்லலாம், கையில் புத்தகம் வேண்டாம்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு தொழில் விஷயம். ஆங்கிலப் பாட்டில் கடைசி ஓசை ஒத்துப்போவதுதான் விளையாட்டு. அதை அப்படியே தமிழில் செய்தால் விளையாட்டு செத்துவிடும், ஏனென்றால் தமிழில் இயைபு ரொம்ப மலிவு. அப்பா வந்தார், கதவைத் திறந்தார், சட்டையைக் கழற்றினார், நாற்காலியில் அமர்ந்தார். எல்லா வரியும் ஒரே ஓசையில் முடிகிறது, ஆனால் கேட்டால் போலீஸ் ரிப்போர்ட் மாதிரி இருக்கிறது. தமிழ்க் காது வரியின் தலைப்பக்கம் திறந்திருக்கும் காது. முதலெழுத்து அளவில் ஒத்து, இரண்டாம் எழுத்து ஒன்றாக வரும்போது அது துள்ளும். பக்கம் திருப்புவதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். இடப்பக்கம் இப்படி இருக்கட்டும்:

கட்டில் மேலே அப்பா
குட்டி யானை ஆனார்

இங்கே அப்பா நிறுத்துகிறார். பிள்ளை பக்கத்தைத் திருப்புகிறது:

தட்டில் இருந்த தோசை
எட்டும் தின்று போனார்!

பெரிய கவிதை ஒன்றும் இல்லை, நானே கட்டியதுதான். ஆனால் மூன்றாவது தடவை படிக்கும்போது 'எட்டும்' என்பதைப் பிள்ளை முந்திக்கொண்டு கத்திவிடும். அந்த முந்தல்தான் வாசிப்பின் முதல் படி. ஆக்ஸ்ஃபர்டில் பீட்டர் பிரையன்ட், லினெட் பிராட்லி குழுவினர் 1989இல் வெளியிட்ட ஆய்வு, மூன்று வயதில் பாட்டுகள் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் பின்னால் எழுத்துக் கூட்டுவதிலும் வாசிப்பதிலும் முன்னே நின்றதைக் காட்டியது. அது ஆங்கிலப் பிள்ளைகள் பற்றியது. எழுத்தை அசை அசையாகப் பிடிக்க வேண்டிய தமிழ்ப் பிள்ளைக்கு, இரண்டாம் எழுத்தைக் காதால் பிடிக்கும் எதுகை இன்னும் நேரான பயிற்சி என்பது என் எண்ணம்.

நமக்கு ஆள் இல்லாமலும் இல்லை. கேரித்தீவில் பிறந்து கிள்ளானை நிலைக்களமாகக் கொண்ட முரசு நெடுமாறன் ஆசிரியர், குழந்தைப் பாடல்கள் நிறைய எழுதியவர். மலேசியக் கவிஞர்களின் நூறாண்டுக் கவிதைகளைத் திரட்டி 1997இல் 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' கொண்டுவந்தவரும் அவரே. அவருடைய மகன் முத்து நெடுமாறன். கணினியில் தமிழ் எழுத வைத்த முரசு அஞ்சல், கைப்பேசிக்கு வந்த செல்லினம், ஆப்பிள் கணினிகளில் இருக்கும் இணைமதி எழுத்துரு எல்லாம் அந்த மகனின் உழைப்பு. அப்பா பாட்டுக் கட்ட, மகன் எழுத்து வரைந்த குடும்பம் நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து செய்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. யாராவது இந்தக் கதையையே ஒரு படப்புத்தகமாகப் போடலாம்.

இந்தியாவிலிருந்து நல்ல புத்தகங்கள் வருகின்றன. சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா இருமொழிப் புத்தகங்கள் போடுகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் திறந்த ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படப்புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சடித்துக் கொடுக்கவும் தடை இல்லை. இவற்றை வாங்குங்கள், இறக்குங்கள். ஆனால் அவற்றில் வரும் அப்பா ஆட்டோவில் போகிறார், நம் அப்பா கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே தூங்குகிறார். பசார் மாலாமில் பிள்ளையைத் தோளில் வைத்து ஆப்பம் பாலிக் வாங்கித் தரும் அப்பா, தெங்கு கிளானா சாலையில் தீபாவளிக் கூட்டத்துக்குள் மத்தாப்புப் பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிக்கும் அப்பா, மாமாக் கடையில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டே மகளுக்கு ரொட்டி சானாய் பிய்த்துப் போடும் அப்பா, இவர்களை நாம்தான் எழுத வேண்டும்.

பதிப்பாளர்களுக்கு ஒரு சொல். படப்புத்தகம் என்பது 32 பக்கம், 16 பக்கப் பாரம் இரண்டு. இருநூறு முந்நூறு சொல் போதும். ஓவியருக்குத்தான் காசு போகும், போகட்டும். நாட்டில் ஐந்நூறுக்கும் அதிகமான தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, பலவற்றில் பாலர் வகுப்பும் உண்டு. பள்ளிக்கு இரண்டு படி என்றாலே ஆயிரம் போய்விடும். இந்தக் கணக்குப் போடாமல் வருஷா வருஷம் பயிற்சிப் புத்தகம் மட்டுமே அடிப்பதற்கு நியாயம் கிடையாது. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், கடைசிப் பக்கத்தில் நீதி வேண்டாம். தோசை தின்ற யானை அப்பா பிறகு பல் விளக்கினார் என்று முடித்தால் பிள்ளை மன்னித்துவிடும், அப்பா மறுபடி அந்தப் புத்தகத்தைத் தொட மாட்டார்.

அப்பாக்களே, உங்கள் வீட்டுக் கூத்தை நான்கு வரியில் எதுகையோடு எழுதி அனுப்புங்கள். பிள்ளை கிறுக்கிய படம் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். தேறியவை இந்தத் தொடரிலேயே வெளிவரும். அடுத்த வாரம் தாத்தாக்களின் முறை.