நேரம் பிசகும் கோள்கள்: காணாத ஒன்றை உறுதிப்படுத்துவது எப்படி?

மலையகப் புகையிரதப் பாதை பதுளையை வந்தடைந்தது 1924இல். இன்றும் மலைப்பகுதியில் அது ஒற்றைத் தண்டவாளம்தான். எதிரே வரும் கோச்சிக்கு வழிவிட இடையில் நின்றால், பதுளைக்கு வரும் வண்டி பிந்தும். ஒரேயொரு வண்டியின் வருகை நேரங்கள் மட்டும் குறித்த கொப்பி ஒன்று நம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிந்தும் நாட்களில் ஓர் ஒழுங்கு தெரிந்தால், நாம் காணாத இன்னொரு வண்டியும் ஓடுகிறது என்று ஊகிக்கலாம். வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களையும் இப்படி நேரக்கணக்கால் கண்டறிகிறார்கள்.

ஒரு கோள் தன் நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கும்போது, அந்த நட்சத்திரத்தின் ஒளி சற்று மங்கும். கோள் தனியாக இருந்தால் இந்த மங்கல் ஒரே இடைவெளியில் வரும். அருகே இன்னொரு கோள் இருந்தால், அதன் ஈர்ப்பு முதலாவதை இழுக்கும். மங்கல் சிலவேளை முந்தும், சிலவேளை பிந்தும்.

நாசா 2009இல் ஏவிய கெப்ளர் தொலைநோக்கி இதைத் துல்லியமாக அளந்தது. கெப்ளர்-9 என்ற நட்சத்திரத்தின் கோள்களில் இரண்டு ஒன்றையொன்று இழுப்பது 2010இல் நேரக்கணக்கால் உறுதியானது. கெப்ளர்-19ஐ ஒரு கோள் ஒன்பது நாளும் ஏழு மணித்தியாலமும் எடுத்துச் சுற்றுகிறது. அதன் கடப்பு ஐந்து நிமிடம்வரை முந்திப் பிந்தியது. நட்சத்திரத்துக்கு முன்னால் ஒருமுறையும் கடந்து காட்டாத இன்னொரு கோள்தான் காரணம் என 2011இல் அறிவித்தார்கள். அதன் எடையோ சுற்றுக்காலமோ அப்போது தெரியாது. நட்சத்திரத்தின் அசைவையும் அளந்த பின்னர், 2017இல் விடை வந்தது: சுமார் 29 நாள் சுற்று, பூமியைப்போல் ஏறத்தாழ 13 மடங்கு எடை.

போதிய அளவீடு இல்லாமல் சொன்னால் என்னாகும் என்பதற்குச் சென்னையிலேயே உதாரணம் உண்டு. அங்கிருந்த வானாய்வகத்தின் தலைவர் கப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், 70 ஒபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரத்தின் பாதை பிசகுவதைக் கண்டார். அங்கே ஒரு கோள் இருக்க மிகுந்த வாய்ப்புண்டு என்று 1855இல் எழுதினார். பிற்கால அளவீடுகளில் அந்தக் கோள் நிலைக்கவில்லை. தடயத்தைக்கொண்டு தேடிய வழி சரியானதே. கையிலிருந்த பதிவுகள்தான் போதவில்லை.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. 1977, 1983 வன்முறைகளுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களிலும், காணாமல் ஆக்கப்பட்ட உறவுகளைத் தேடுவோர் இருக்கிறார்கள். கிளிநொச்சியில் தாய்மார் 2017 பெப்ரவரியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். மனிதரும் கோளும் ஒன்றல்ல. ஆனாலும், நேரில் கண்டவர் இல்லை என்பதற்காக ஒரு தேடல் முடிந்துவிட வேண்டியதில்லை. திகதியோடு கூடிய பல பதிவுகள் ஒன்றையொன்று தாங்கும்போது, காணாத ஒன்றும் உறுதியாகும். ஆகவே, கடைசியாக வந்த கடிதம், முகாம் பதிவுத் துண்டு, முறைப்பாட்டுப் பிரதி எதையும் எறிந்துவிடாதீர்கள். நினைவில் இருக்கும் திகதியையும் இடத்தையும் இன்றே எழுதி வையுங்கள்.