விரியன் விஷமும் பிரஷர் மாத்திரையும்

பிரேசில் நாட்டில் ஜரராகா என்றொரு விரியன் பாம்பு உண்டு. அது கடித்தால் இரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கும்; ஆள் மயங்கிச் சாய்ந்துவிடுவார். உலகத்தில் இரத்த அழுத்தம் ஏறிப்போய் அவதிப்படுகிறவர்களும் கோடிக்கணக்கில் இருக்கிறார்களே! அவர்களுக்கு இந்த விஷத்தில் ஏதாவது கிடைக்குமா?

1965-இல் செர்ஜியோ ஃபெரெய்ரா என்ற பிரேசில் விஞ்ஞானி, அந்த விஷத்திலிருந்து ஒரு சரக்கைப் பிரித்தெடுத்தார். பிறகு அதை லண்டனில் ஜான் வேன் நடத்திய ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். அது எங்கே போய் வேலை செய்கிறது என்பது அங்கேதான் புரிந்தது.

நம் இரத்தத்தில் ஆஞ்சியோடென்சின் என்று ஒன்று இருக்கிறது. பத்து அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. பத்தாக இருக்கும்வரை அது பரம சாது. ஏசிஇ என்கிற நொதி வந்து, கத்தரிக்கோல் போல நுனியில் இரண்டை நறுக்கிவிடும். மிச்சமுள்ள எட்டு இருக்கிறதே, அதுதான் முரடு! இரத்தக் குழாய்களை இறுக்கிச் சுருக்கும். குழாய் சுருங்கினால் அழுத்தம் ஏறும். அளவோடு நடந்தால் உடம்புக்குத் தேவைதான், மிஞ்சினால்தான் தொல்லை. விஷத்திலிருந்த சரக்கு அந்த நொதியின் வாயில் போய்ச் சிக்கிக்கொண்டு, அதை வெட்டவிடாமல் செய்கிறது.

அமெரிக்காவின் ஸ்குவிப் மருந்து நிறுவனம் அந்தச் சரக்கில் ஒரு வகையைச் செயற்கையாகவே செய்து பார்த்தது. ஊசியில் போட்டால் அழுத்தம் குறைந்தது. விழுங்கினாலோ, பலனில்லை! அதுவும் ஒரு புரதத் துண்டுதானே? வயிறும் குடலும் சாம்பார்ப் பருப்பைச் செரிப்பதுபோலவே அதையும் செரித்துவிடும். அதற்காகக் காலமெல்லாம் தினமும் ஊசியா? உங்கள் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள்!

செரிமானத்துக்குத் தப்புகிற சின்ன மூலக்கூறு வேண்டும். ஸ்குவிப்பில் மிகெல் ஒண்டெட்டி, டேவிட் குஷ்மன் இருவரும் 1974-இல் ஒரு யோசனை செய்தார்கள். ஏசிஇயின் வடிவத்தை அப்போது யாரும் பார்த்ததில்லை. (2003-இல்தான் தெரியவந்தது.) ஆனால் மாட்டின் கணையத்தில் அதற்கொரு பங்காளி நொதி இருந்தது, அதன் வடிவம் தெரியும். வெட்டுகிற இடத்தில் ஒரு துத்தநாக அணு இருப்பதும் தெரியும். ஏசிஇயிலும் அப்படித்தான் இருக்கும் என்று ஊகித்தார்கள். துத்தநாகத்தைக் கந்தகம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். எனவே மூலக்கூறின் ஒரு முனையில் கந்தகம். மறுமுனையில், விஷச் சங்கிலியின் கடைசியில் இருந்த அதே புரோலின். இப்படிப் பிறந்ததுதான் கேப்டோப்ரில். ஊசி மருந்தில் 155 அணுக்கள். இதில் வெறும் 29!

1981-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கந்தகத்தால் சிலருக்கு நாக்கில் ருசி போனது. அதனால் கந்தகம் இல்லாத எனலாப்ரில் வந்தது, பிறகு ரமிப்ரில். வீட்டில் பிரஷர் மாத்திரை அட்டை இருந்தால் பெயரைப் படித்துப் பாருங்கள். ‘ப்ரில்’ என்று முடிந்தால் இந்தக் குடும்பம்தான். (படிக்க மட்டும்தான்!)

இந்த மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். ஏசிஇ வெட்டுவது ஆஞ்சியோடென்சினை மட்டுமல்ல; பிராடிகினின் என்ற இன்னொன்றையும் அது வெட்டும். வெட்டுப்படாத பிராடிகினின் சேர்ந்துபோவதுதான் இருமலுக்குக் காரணம் என்கிறார்கள். அப்படி இருமல் வருகிறவர்களை மருத்துவர் வேறு வகை மாத்திரைக்கு மாற்றிவிடுவார்.