இறால் குட்டையில் ஏரேட்டர் நின்னுடுச்சா? மோட்டார் போச்சா, கியர் பாக்ஸ் போச்சா... கண்டுபிடிப்பது எப்படி?

சிதம்பரத்தை அடுத்த கிள்ளை, பரங்கிப்பேட்டை பக்கம் போனால் சதுரம் சதுரமாக இறால் குட்டைகளைப் பார்க்கலாம். நடுவில் நுரை கிளப்பியபடி துடுப்புச் சக்கரங்கள் சுத்திக்கொண்டே இருக்கும். இதுதான் ஏரேட்டர். தண்ணீரை அடித்துத் தூக்கி காற்றோடு கலப்பதுதான் இதன் முக்கிய வேலை. ஆனால் விடியற்காலை 3 மணிக்கு இது நின்றுபோனால், பல மாத உழைப்பு விடிவதற்குள் போய்விடும்.

அப்படி என்ன ஆபத்து?

பகலில் தண்ணீரில் உள்ள பாசி ஆக்சிஜனை வெளியிடும். ராத்திரியில் அதே பாசி, இறாலோடு சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கும். அதனால் விடிவதற்கு முன்புதான் ஆக்சிஜன் அளவு ரொம்ப கீழே போகும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலே இறால் திணற ஆரம்பித்துவிடும். இந்தியாவில் 2009-ல் அனுமதிக்கப்பட்ட வனாமி இறாலை நெருக்கமாக விட்டு வளர்ப்பதால், ஏரேட்டர் இல்லாமல் காலம் தள்ள முடியாது. சுமார் 500 கிலோ இறாலுக்கு 1 எச்.பி. என்பது பொதுவான கணக்கு. அப்படியென்றால் ஒரு 2 எச்.பி. ஏரேட்டர் நின்றால் 1 டன் இறாலுக்கு மூச்சு முட்டும்.

உள்ளே என்ன நடக்குது?

மோட்டார் நிமிடத்துக்கு சுமார் 1,440 சுற்று சுத்தும். துடுப்புக்குத் தேவை 100 சுற்று சொச்சம்தான். நடுவில் இருக்கும் கியர் பாக்ஸ் வேகத்தை ஏறக்குறைய 14-ல் 1 பங்காகக் குறைக்கிறது. வேகம் குறையும் அளவுக்கு முறுக்கு விசை கூடும். நெய்வேலி சுரங்கத்தில் ஓடும் பிரம்மாண்ட கன்வேயர் பெல்ட்டிலும், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையிலும் நடப்பது இதே சங்கதிதான். அளவுதான் வேற.

ஏரேட்டர் நின்றதும் பலரும் செய்வது, மோட்டாரைக் கழற்றி நேராக ரீவைண்டிங் கடைக்கு எடுத்துப் போவது. காயில் கட்டி வந்து மாட்டினால் பத்தே நாளில் திரும்பவும் கருகும். பழி கடைக்காரர் மேல் விழும். உண்மையில் பல நேரங்களில் மோட்டார் குற்றவாளியே இல்லை. கியர் பாக்ஸோ, கரண்ட் சப்ளையோ செய்த தப்புக்கு அது பலியாகியிருக்கும்.

முதலில் என்ன பார்க்கணும்?

எல்லாவற்றுக்கும் முன்னாடி மெயினை ஆஃப் செய்யணும். ஸ்டார்டரில் ஸ்டாப் பட்டனை அமுக்கினால் மட்டும் போதாது. உப்புத் தண்ணீரில் மின்சாரம் சுலபமாகப் பாயும் என்பதால், மெயினை அணைக்காமல் குட்டையில் கால் வைக்கவே கூடாது.

அடுத்து துடுப்பைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுக்கமாக இருந்தாலோ, கரகரவென்று இருந்தாலோ கோளாறு கியர் பாக்ஸ் பக்கம் இருக்கலாம். சந்தேகம் தீரணும்னா கியர் பாக்ஸில் இருந்து மோட்டாரைத் தனியாகக் கழற்றி, கரையில் அசையாமல் கட்டி வைத்து ஓட்டிப் பார்க்கலாம். சத்தமும் சூடும் இல்லாமல் ஓடினால் மோட்டார் நல்லாதான் இருக்கு. அப்பவும் கத்தினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேரிங்.

பிறகு டங் டெஸ்டர். 2 எச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார் முழு லோடில் சுமார் 3.5 ஆம்பியர் எடுக்கும். நேம் பிளேட்டில் போட்டிருப்பதுதான் சரியான அளவு. மூன்று ஃபேஸிலும் ஒன்றாக அளவு கூடியிருந்தால் ஓவர்லோடு அல்லது லோ வோல்டேஜ். ஒரு ஃபேஸில் சுத்தமாக இல்லாமல் மற்ற இரண்டிலும் எகிறினால் அது சிங்கிள் ஃபேஸிங். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு ஃபேஸ் போனால் மோட்டார் உடனே நிற்காது. மீதி இரண்டு ஃபேஸில் ஏறக்குறைய 1.73 மடங்கு கரண்டை இழுத்துக்கொண்டு, உறுமியபடியே ஓடிக் கருகும்.

இதைத் தடுக்கத்தான் ஸ்டார்டரில் ஓவர்லோடு ரிலே இருக்கிறது. ஆனால் 'அடிக்கடி ட்ரிப் ஆகுது' என்று அதன் செட்டிங்கை ஏற்றி வைக்கும் பழக்கம் நம்ம ஊரில் ரொம்ப சகஜம். ஃபியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றுவதும் இதுவும் ஒன்றுதான்.

கருகிய காயில் சொல்லும் கதை

காயில் கருகியே போயிருந்தாலும் அதைப் பிரிப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. சின்ன மோட்டார்கள் பெரும்பாலும் ஸ்டார் இணைப்பில் இருக்கும். அதில் இரண்டு ஃபேஸ் காயில் கருத்து, ஒன்று மட்டும் புதுசு மாதிரி இருந்தால் சிங்கிள் ஃபேஸிங்தான் காரணம். டெல்டா இணைப்பில் இது தலைகீழ், ஒரு ஃபேஸ் மட்டும் கருகும். மொத்தமும் ஒரே மாதிரி கருத்திருந்தால் ஓவர்லோடு, லோ வோல்டேஜ், அல்லது கியர் பாக்ஸ் இறுகிப்போனது. காரணத்தைச் சரி செய்யாமல் காயில் கட்டுவது வீண் செலவு.

கியர் பாக்ஸில் பார்க்க வேண்டியது ஆயில். பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தால் ஆயில் சீல் வழியாகவோ, காற்றுத் துளை வழியாகவோ தண்ணீர் இறங்கிவிட்டது. உப்புத் தண்ணீர் என்றால் பேரிங்கும் பல்சக்கரமும் சீக்கிரம் துருப்பிடிக்கும். சீலை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. வடித்த ஆயிலில் மாவு மாதிரி கொஞ்சம் உலோகத் தூள் இருந்தால் பயப்பட வேண்டாம். சில்லு சில்லாக வந்தால் பல் உடைகிறது என்று அர்த்தம். இன்னொன்று, ஆயிலைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஊற்றினாலும் சூடேறும், சீல் வழியாகக் கக்கும்.

ஈ.பி. கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது துடுப்பு எந்தப் பக்கம் சுத்துகிறது என்பதையும் பார்த்துவிடணும். ஃபேஸ் வரிசை மாறியிருந்தால் பின்பக்கமாகச் சுத்தும்.

வெள்ளத்தில் மூழ்கிய மோட்டாரை என்ன செய்வது?

2011 டிசம்பர் 30-ல் கரையைக் கடந்த தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் என்று கடலூர் மாவட்டத்துக்கு இது புதுசு இல்லை. தண்ணீர் வடிந்ததும் 'ஓடுதான்னு பார்ப்போம்' என்று சுவிட்சைப் போடுவதுதான் பெரிய தப்பு. பிழைத்திருக்கக்கூடிய காயிலும் அந்த ஒரு நொடியில் போய்விடும்.

மோட்டாரைப் பிரித்து, சேறும் உப்பும் போக நல்ல தண்ணீரில் அலசணும். பிறகு ஓவனில் வைத்தோ, ரோட்டரை எடுத்துவிட்டு ஸ்டேட்டருக்குள் குண்டு பல்பு போட்டோ நிதானமாகக் காய வைக்கலாம். வெப்பம் 90 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. காய்ந்ததும் 500 வோல்ட் மெக்கரில் காயிலுக்கும் பாடிக்கும் இடையே அளந்தால் குறைந்தது 5 மெகா ஓம் காட்டணும். காட்டவில்லை என்றால் இன்னும் ஈரம் போகவில்லை, மறுபடியும் காய வைக்கணும். பேரிங்கைக் கழுவி மறுபடி போடுவது வேண்டாம், புதுசு மாற்றுவதே நல்லது. கூடவே மூழ்கிய கியர் பாக்ஸின் ஆயிலையும் அன்றைக்கே வடித்துவிடணும்.